சிரப் கலக்காத கிரான்பெரி பீர்

1. தாடை பூட்டிக்கொண்ட நாள்

முதல் பேட்ச் கிரான்பெரி பீரை டேங்கிலிருந்து ஒரு சின்ன கிளாஸில் பிடித்து ஒரு மடக்கு குடித்தேன். ரெண்டு கன்னமும் உள்ளே இழுத்துக்கொண்டன. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பல் கூசி, தாடை பூட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நிறம் மட்டும் கல்யாணப் பட்டு மாதிரி பளபளவென்று இருந்தது.

"என்னா ராணி மேடம், எப்டி வந்திருக்கு?" என்று பக்கத்தில் நின்ற நாகராஜ் சார் கேட்டார். அவர்தான் ஓனர். பதில் சொல்ல வாய் திறந்தால்தானே. கிளாஸை அவர் பக்கம் நீட்டினேன்.

அவரும் குடித்தார். கிளாஸை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் படியேறி ஆபீஸுக்குப் போய்விட்டார். ஓனர் கத்தினால் பயப்பட ஒன்றும் இல்லை. பேசாமல் படியேறினால்தான் பயப்பட வேண்டும்.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். பெயர் ஜெபராணி. ஊர் கேரளத்தில் பாறசாலைக்குப் பக்கத்தில் கொல்லயில் என்கிற கிராமம். நெய்யாற்றின்கரையில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு பெங்களூருக்கு வேலைக்குப் போனவள். ரிட்டயராகி இப்போது ஊரோடு வந்துவிட்டேன். அண்மையில் இங்குள்ள பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வந்து, "ஆன்ட்டி, புரூயிங் படிச்சா வேலை கிட்டுமா? அதில பெண்ணுங்க உண்டா?" என்று கேட்டார்கள். உண்டு மக்களே. நான் இருந்தேன். பெங்களூரில் ஒரு மைக்ரோபுரூவரியில், அதாவது பீரை அங்கேயே காய்ச்சி அங்கேயே குழாயில் ஊற்றிக் கொடுக்கும் கடையில், ஹெட் புரூவராக இருந்தேன். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு மால்ட் என்கிற முளைகட்டிய பார்லி மூட்டை சுமந்திருக்கிறேன், கெட்டில் என்கிற பெரிய கொப்பரைக்குள் இறங்கித் தேய்த்திருக்கிறேன். ஏசி ரூமில் உட்கார்ந்து ருசி பார்க்கிற வேலை என்று நினைத்து யாரும் கிளம்ப வேண்டாம்.

"எதாவது எழுதித் தாங்க" என்றார்கள். எழுதுவதென்றால் இந்தக் கிரான்பெரி பீர் கதையைத்தான் எழுதுவேன். நான் செய்ததிலேயே நெஞ்சை நிமிர்த்திச் சொல்லக்கூடிய காரியம் அது.

2. அண்ணனின் ஜூஸ் கம்பெனி

பெங்களூரில் எனக்கு முதலில் கிடைத்தது நிஜமாகவே ஒரு ஜூஸ் கம்பெனி வேலைதான். லேப்பில் பிஹெச் பார்ப்பது, சர்க்கரை பார்ப்பது, பாட்டில் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. எங்கள் தேவதாஸ் அண்ணனுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். அண்ணன் ரப்பர் ஷீட் வியாபாரி, எங்கள் சபையின் கமிட்டியில் உள்ளவர், மதுவிலக்குக் கூட்டம் எங்கே நடந்தாலும் முதல் வரிசையில் இருப்பவர். அப்பா போனபிறகு என்னைப் படிக்க வைத்ததும் அவர்தான். "எனக்க தங்கச்சி பெங்களூருல ஜூஸ் கம்பெனியில கெமிஸ்ட்டாக்கும்" என்று பாறசாலை முதல் காட்டாக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருந்தார்.

பிறகு நான் புரூவரிக்கு மாறினேன். போனில்தான் சொன்னேன்.

"பீர் எண்ணு சொன்னா என்னது, பார்லி வெள்ளம்தானே?" என்றார் அண்ணன். எங்கள் பக்கத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர்.

"புளிக்க வச்ச பார்லி வெள்ளம் அண்ணே."

"புளிச்சத விடு" என்றார். போனை வைத்துவிட்டார்.

அதோடு முடிந்தது. அண்ணனைப் பொறுத்தவரை நான் ஜூஸ் கம்பெனியை விட்டு வரவே இல்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் எங்கள் சபைக் கோயில் வாசலில் யாராவது "ஜூஸ் கம்பெனியில எல்லாம் சுகம்தானே?" என்று கேட்பார்கள். நான் தலையை ஆட்டுவேன். அண்ணனை எல்லார் முன்னாலும் பொய்யன் ஆக்க மனம் வராது. ஆனால் ஒவ்வொரு தடவையும் எரிச்சலாக இருக்கும். வெந்நீரில் கை சுட்டு, மால்ட் தூசியில் தும்மி, அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்து ஹெட் புரூவராக ஆனவள் நான். அந்தப் பேரை என் ஊரில் ஒருத்தர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரருக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. லேத் மெஷினில் வேலை பார்த்தவர். "சம்பளம் வாங்குத வேலைக்கு என்ன பேரு வச்சா என்னட்டி" என்பார். அவருக்கு என்ன, அவரை எல்லாரும் மெஷினிஸ்ட் என்றுதான் சொன்னார்கள்.

3. சூட்கேஸில் வந்த பீர்கள்

கிரான்பெரி எங்கள் கடைக்குள் வந்த விதம் இது. நாகராஜ் சார் மகளைப் பார்க்க அமெரிக்கா போனார். அங்கே குளிர்காலத்தில் கிரான்பெரி பீர் ஊற்றுகிறார்கள். குடித்துப் பார்த்து மயங்கிவிட்டார். திரும்பி வரும்போது சூட்கேஸில் விதவிதமாக டின்னும் பாட்டிலும். பின்னாலேயே, ஒரு இம்போர்ட்டர் மூலமாக ஃப்ரோசன் கிரான்பெரி பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கிரான்பெரி தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். நம் பக்கத்துத் தோட்டங்களில் காய்க்கிற லூபிக்காதான் நினைவுக்கு வரும். அதே அளவு, அதே சிவப்பு, அதே புளிப்பு. கூடக் கொஞ்சம் துவர்ப்பு. ரெண்டும் வேறு வேறு சாதி என்றாலும் ஒன்றைப் பார்த்தால் மற்றதன் தம்பி என்று சொல்லிவிடலாம்.

சூட்கேஸில் வந்ததையெல்லாம் வரிசையாக வைத்து ருசி பார்த்தோம். நானும் ஓனரும், கிச்சன் ஷெஃப் சுகுமாரன் அண்ணனும். சுகுமாரன் அண்ணன் நெய்யாற்றின்கரைக்காரர், முன்பு பூவாரில் ஒரு ரிசார்ட்டில் மீன் பொரித்துக்கொண்டிருந்தவர். அவர் வாய்க்குப் பூட்டே கிடையாது.

முதலாவது டின் சிவப்பு சோடா. குடித்து முடித்ததும் உதட்டில் ஒட்டியது. "இது சின்னப் பிள்ளைங்களுக்கு உள்ள இருமல் மருந்து" என்றார் சுகுமாரன் அண்ணன். ரெண்டாவது ஒரு கோதுமை பீர். கிரான்பெரி லேபிளில் இருந்தது, பீரில் இல்லை. மூன்றாவது ஸ்டௌட் என்கிற கறுப்பு பீர். கருகின வாசனையும் புளிப்பும் சேர்ந்து, அடி பிடித்த புளிக்கறி. நாகராஜ் சாருக்கு மூன்றும் பிடித்திருந்தது. அவருக்கு மகள் வீட்டு ஞாபகம், எனக்கு அந்த ஞாபகம் இல்லை.

ஒரே ஒரு டின் மட்டும் என்னை நிறுத்தியது. புளிப்பு நல்லாவே இருந்தது, ஆனால் தாடை பூட்டவில்லை. புளிப்பை ஏதோ ஒன்று அடியிலிருந்து தாங்கிப் பிடித்தது. சர்க்கரை இல்லை, அது நிச்சயம். வேறு என்ன? டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் அழிந்துபோயிருந்தது. அந்த டின்னை மட்டும் தூக்கிப் போடாமல் லேப் ஷெல்ஃபில் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் முதல் பேட்ச். கிரான்பெரியில் இயற்கையாகவே பென்சாயிக் ஆசிட் உண்டு. ஊறுகாய் கெடாமல் இருக்கப் போடுவார்களே, அந்தக் குடும்பம். பீரைப் புளிக்க வைக்கிற ஈஸ்டுக்கு அது ஆகாது. அதனால் ஈஸ்ட் தன் முதல் வேலையை முடிக்கிறவரை பழத்தை அதன் கண்ணிலேயே காட்டக் கூடாது. இதை ஓனர் ஒத்துக்கொண்டார். சர்க்கரை விஷயத்தில்தான் பிடிவாதம்.

"பழம் புளிப்பு மேடம். சக்கரை போட்டா சரியாயிடும்."

"சார், ஈஸ்ட் சக்கரையைத் தின்னுட்டுப் போயிடும். புளிப்பு மட்டும் மிஞ்சும்."

"கொஞ்சம் கூடவா மிஞ்சாது?"

"மிஞ்சாது சார்."

"நீங்க போடுங்க, பாத்துக்கலாம்."

போட்டேன். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றது. மிஞ்சினதை நாங்கள் ரெண்டு பேரும் குடித்தோம். அதுதான் நான் மேலே சொன்ன தாடை பூட்டிய நாள். சுகுமாரன் அண்ணனுக்கும் ஒரு கிளாஸ் கொடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு, "ராணியம்மா, இது வாழக்கா கறையாக்கும். நாக்கில ஒட்டிப்பிடிக்குது. இனி ரெண்டு நாளு எனக்கு உப்பும் புளியும் அறியாது" என்றார்.

சாயங்காலம் ஓனர் கீழே இறங்கி வந்தார். முகம் தெளிந்திருந்தது. ஏதோ முடிவு பண்ணிவிட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"கிறிஸ்மஸுக்கு டேப்புல கிரான்பெரி பீர் இருந்தே ஆவணும் மேடம். எல்லார் கிட்டயும் சொல்லியாச்சு. சிம்பிளா பண்ணிடலாம். நம்ம லாகர் பீர் இருக்குல்ல, அதுல கிரான்பெரி சிரப் ஊத்தி குடுத்துடலாம். கலரும் வரும், இனிப்பும் வரும்."

"சார், அது பீர் இல்ல. ஜூஸ்."

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. நான் சிரப் கலக்க ஆரம்பித்தால் அண்ணன் இத்தனை வருஷமாகச் சொன்னது பொய்யே இல்லை. நிஜமாகவே நான் ஜூஸ் கம்பெனிக்காரி ஆகிவிடுவேன். அந்த நினைப்பு வந்ததும் காது சூடாகிவிட்டது.

"நான் சிரப் கலக்க மாட்டேன் சார்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் கடை அவருடையது. "இன்னும் ஒரு பேட்சுக்குப் பழம் இருக்கு. போடுங்க. அதுவும் இப்டியே வந்துச்சுன்னா சிரப்தான். நீங்கதான் கலக்கணும். இல்லாங்காட்டி கலக்கறவங்களை நான் வேற பாத்துக்கறேன்."

கடைசி வாக்கியத்தை அவர் கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் சொன்னார்.

4. லூபிக்கா ஏலம்

அந்த வாரம்தான் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. லீவு முன்னாடியே எழுதிக் கொடுத்திருந்தேன், போய்விட்டேன். ஓனரின் முகத்தைப் பார்க்காமல் ரெண்டு நாள் இருந்தால் புத்தி தெளியும் என்று நினைத்தேன்.

பண்டிகையன்றைக்கு அவரவர் தோட்டத்தில் விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டு வருவார்கள். வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, சேனை, தேங்காய், கோழி. ஆராதனை முடிந்து முற்றத்தில் ஏலம். ஒரு வெள்ளரிக்காயை ரெண்டு பேர் மாறி மாறிக் கேட்டு, கடையில் பத்து வாங்குகிற விலைக்கு ஏற்றிவிடுவார்கள். கோயிலுக்குத்தானே போகிறது.

யாரோ ஒரு கூடை லூபிக்கா வைத்திருந்தார்கள். வருஷத்தின் முதல் காய்ப்பு, செக்கச்செவேலென்று இருந்தது. எங்கள் அண்ணி மேபலுக்கு ஊறுகாய் போட வேண்டும், விடவில்லை. கேட்டுக் கேட்டு ஏலத்தில் எடுத்துவிட்டாள். எடுத்த கையோடு பெண்கள் எல்லாரும் பலாமரத்தின் கீழே சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி வாழையிலைத் துண்டில் கல்லுப்பும் மிளகுப்பொடியும் கொண்டு வந்தாள். ஊறுகாய்க்கு மிஞ்சுமா என்று அண்ணி முறைத்தாலும் அவள்தான் முதலில் கை போட்டாள்.

நான் ஒரு காயை எடுத்து வெறுமே கடித்தேன். அப்படியே தாடை பூட்டிக்கொண்டது. பெங்களூர் டேங்கிலிருந்து குடித்த அதே பூட்டு.

"ஏட்டி, உப்பு தொட்டுத் தின்னு. பெங்களூருக்குப் போனதில அதுவும் மறந்துபோச்சா?" என்றாள் அண்ணி.

உப்பில் தொட்டு அடுத்ததைக் கடித்தேன். பூட்டவில்லை. புளிப்பு எங்கேயும் போகவில்லை, அங்கேதான் இருந்தது. அதன் முனை மட்டும் மழுங்கியிருந்தது. துவர்ப்பு பின்னால் போய், பழத்தின் வாசனை முன்னால் வந்தது. உடனே லேப் ஷெல்ஃபில் இருக்கும் அந்த டின் ஞாபகம் வந்தது. அடியிலிருந்து தாங்கிப் பிடித்தது எது என்று தெரிந்துவிட்டது. உப்பு. சின்ன வயதிலிருந்து கைநிறைய உப்பு தொட்டுத் தின்றவள், பீர் என்று வந்ததும் ஓனரோடு நின்று சர்க்கரையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம் நான் அங்கே நடத்தினது முழு லேப் டெஸ்ட். உப்பில்லாமல் ஒன்று, ஒரு கல் உப்போடு ஒன்று, நிறைய உப்போடு ஒன்று. நடுவில் வாய் கொப்பளிப்பு. மிளகுப்பொடியைத் தொடவே இல்லை. உப்பு கூடினால் உப்புதான் தெரிந்தது, பழம் போய்விட்டது. கம்மியாக இருந்தபோதுதான் சரியாக நின்றது.

"இது என்னத்துக்கு இப்பிடித் தின்னுக? வயிறு கெட்டுப்போவும்" என்றாள் அண்ணி.

"வேலையாக்கும் அண்ணி."

"ஜூஸ் கம்பெனியில லூபிக்காவும் உண்டா?"

பதில் சொல்லும் முன் அண்ணன் வந்துவிட்டார், கூடவே புதிதாக மாறுதலாகி வந்த போதகர். "இது எனக்க தங்கச்சி ஜெபராணி. பெங்களூருல ஜூஸ் கம்பெனியில கெமிஸ்ட்டாக்கும்" என்றார் அண்ணன்.

"நல்லதும்மா. என்ன ஜூஸ்?" என்றார் போதகர்.

"எல்லா ஜூஸும் உண்டு" என்று அண்ணனே சொல்லிவிட்டார்.

நான் வாயில் லூபிக்காவை வைத்துக்கொண்டு சிரித்தேன். உள்ளே கொதித்தது. இனிப் போடப்போகிற பேட்சும் கெட்டால் அடுத்த பண்டிகைக்கு வரும்போது அண்ணன் சொன்னது உண்மையாகவே இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பெங்களூருக்கு அடுத்த வண்டியிலேயே ஏறிவிட்டேன்.

5. பீரில் உப்பு

"பீர்ல உப்பா? என்னாங்க மேடம், மோரா காய்ச்சறீங்க?" என்றார் நாகராஜ் சார்.

"ஜெர்மனியில பழைய காலத்துலேர்ந்து ஒரு பீர் உண்டு சார், உப்பும் கொத்தமல்லி விதையும் போட்டது. பேரு கோஸ."

ஜெர்மனி என்றதும் அடங்கினார். கொல்லயில் கோயில் முற்றத்தில் கண்டுபிடித்தேன் என்று சொல்லியிருந்தால் வாட்ச்மேனைக் கூப்பிட்டிருப்பார். நான் சொன்னதும் பொய் இல்லை. அப்படி ஒரு பீர் உண்டு, நானே புத்தகத்தில் படித்ததுதான். படித்தது வேறு, நாக்கில் உறைத்தது வேறு.

கோஸயை முறைப்படி செய்கிறவர்கள் லாக்டோபேசிலஸ் என்கிற தயிர் பாக்டீரியாவை விட்டுப் புளிக்க வைப்பார்கள். நான் அதைத் தொடவில்லை. புளிப்பைப் பழம் பார்த்துக்கொள்ளும், அதற்கு மேல் வேண்டாம். கோதுமை மால்ட்டைக் கூட்டினேன், கொஞ்சம் ஓட்ஸ் சேர்த்தேன். மேஷ், அதாவது மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கிற கட்டத்தில், டெம்பரேச்சரைக் கொஞ்சம் தூக்கி வைத்தேன். அப்படிச் செய்தால் ஈஸ்டால் தின்ன முடியாத சர்க்கரை கொஞ்சம் பீரில் தங்கும். இனிப்பாகத் தெரியாது, வாயில் ஒரு மெத்து இருக்கும். வெளியிலிருந்து சர்க்கரை ஒரு ஸ்பூன்கூட இல்லை.

உப்பு எவ்வளவு என்பதுதான் பெரிய தலைவலி. டேங்கில் போட்டபிறகு எடுக்க முடியாது. அதனால் எங்கள் கோதுமை பீரைச் சின்னச் சின்ன கிளாஸில் ஊற்றி, கிரான்பெரியைப் பிழிந்து விட்டு, உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டிக்கொண்டே போனேன். சுகுமாரன் அண்ணனை எதிரில் உட்கார வைத்தேன். அன்றைக்கு அவருக்கு வெற்றிலை தடை, எனக்குப் பவுடரும் தலைக்கு எண்ணெயும் தடை. ருசி பார்க்கிற நாளில் வேறு வாசனை கூடாது.

"இதில உப்பு உண்டா அண்ணே?"

"உண்டு. கூடிப்போச்சு. கடல்வெள்ளம்."

"இதில?"

அவர் ரெண்டு தரம் குடித்தார். "உப்பு ஒண்ணும் தெரியல. ஆனா பழம் நல்லா இருக்கு. இது வேற பழமா?"

அதே பழம்தான். அந்த கிளாஸின் அளவைத்தான் கெட்டிலுக்குக் கணக்குப் போட்டேன். கொத்தமல்லி அவருடைய கிச்சனிலிருந்து வந்தது, வறுக்காமல் ஒன்றிரண்டாக இடித்துத் தந்தார். ஈஸ்ட் தன் வேலையை முடித்து அடங்கியபிறகு பழத்தை நசுக்கி உள்ளே விட்டேன். பிறகு செய்ய ஒன்றும் இல்லை, காத்திருப்பதுதான். புரூவருக்கு மிகக் கஷ்டமான வேலை டேங்கைத் திறக்காமல் இருப்பது. நான் அந்த நாட்களில் கடையில் இருந்த எல்லா வால்வையும் கழற்றிக் கழுவி மாட்டினேன். யாரும் என் பக்கத்தில் வரவில்லை.

6. பாத்திரம் கழுவும் இடம்

பீர் ரெடியானதும் நாகராஜ் சார் ஒரு ஏற்பாடு செய்தார். லாகரில் சிரப் ஊற்றி அவரும் ஒன்றைத் தயார் பண்ணி வைத்திருந்தார். சனிக்கிழமை மதியம் சாப்பிட வருகிற எல்லாருக்கும் ரெண்டு சின்ன கிளாஸ் இலவசம், ஒன்று சிரப், ஒன்று என்னுடையது. எது எது என்று சொல்ல மாட்டோம். ஜனங்கள் எதைச் சொல்கிறார்களோ அது டேப்புக்குப் போகும்.

நான் ஏப்ரனைக் கழற்றாமல் ஒரு தூணோரம் நின்று கேட்டேன்.

"வாவ், இது செமையா இருக்கு. ரோஸ் மில்க் மாதிரி" என்றான் ஒரு பையன். அது சிரப். "இது ஒரு மாதிரி இருக்கே, பழம் பழுக்கலையா?" அது என்னுடையது. ஒரு பெண் என்னுடையதைக் குடித்துவிட்டு ஒரு கண்ணை மூடினாள். "மாங்காய்க்கு உப்பு போட்டுச் சாப்பிட்ட மாதிரி இருக்கு" என்றாள். அது நல்லதா கெட்டதா என்று அவள் சொல்லவில்லை. தாடி வைத்த ஒருத்தர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து டானினைப் பற்றி நீளமாகப் பேசினார். எதைப் பற்றிப் பேசுகிறார் என்று அவர் கூட இருந்தவர்களுக்கே புரியவில்லை.

கேட்கக் கேட்க நாகராஜ் சார் முகம் மலர்ந்தது. பத்துப் பேரிடம் கேட்டால் ஏழெட்டுப் பேர் சிரப் என்றார்கள். என்னைப் பார்த்து, பரவாயில்லை விடுங்கள் என்பது போலத் தலையை ஆட்டினார்.

எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. நேராகக் கிச்சனுக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போனேன். ஜூஸ் கம்பெனியில் இருந்த காலத்திலிருந்தே எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஜனங்கள் வாயால் சொல்வதைக் கேட்டபிறகு, அவர்கள் விட்டுப்போன கிளாஸைப் பார்ப்பேன். ஓசியில் கொடுத்ததைப் பற்றி எல்லாரும் நல்லதாக ஏதாவது சொல்வார்கள், வீட்டில் வளர்த்தவிதம் அப்படி. ஆனால் குடிக்கப் பிடிக்காததை யாரும் மரியாதைக்காகக் குடித்து முடிக்க மாட்டார்கள்.

சிரப் கிளாஸுக்குச் சிவப்பு ஸ்டிக்கர், என்னுடையதற்கு வெள்ளை. ட்ரேயில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. சிவப்பு ஸ்டிக்கரில் பாதிக்குப் பாதி மிச்சம், சிலதில் முக்கால். வெள்ளை ஸ்டிக்கரில் அடியில் நுரைக்கோடு மட்டும். நான் நம்பாமல் அடுத்த ட்ரேக்குக் காத்திருந்தேன். அதிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும்.

கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஓனரை அங்கே கூட்டிக்கொண்டு வந்தேன்.

"பாருங்க சார்."

அவர் குனிந்து பார்த்தார். ஒரு வெள்ளை ஸ்டிக்கர் கிளாஸை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். "இதுல ஒண்ணும் மிச்சம் இல்லியே."

"இனிப்பு முதல் மடக்குல ஜெயிக்கும் சார். ரெண்டாவது மடக்குல திகட்டிடும். நாம விக்கறது மடக்கு இல்ல, கிளாஸ்."

அப்போதுதான் சர்வர் வந்து, அந்த ஒரு கண்ணை மூடிய பெண்ணின் மேஜையில் வெள்ளை ஸ்டிக்கர் பீர் பெரிய கிளாஸில் வேண்டும் என்று கேட்கிறார்கள், பில் போடலாமா என்றான். தாடிக்காரரும் அதையே கேட்டிருந்தார். நாகராஜ் சார் என்னையும் கிளாஸையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போடுப்பா" என்றார். பிறகு என்னிடம், "சிரப்பை என்னா பண்றது?" என்றார்.

"ஐஸ்கிரீமுக்கு ஆகும் சார்" என்றார் அடுப்படியிலிருந்தே சுகுமாரன் அண்ணன்.

திங்கட்கிழமை டேப்புக்கு மேலே கறுப்பு போர்டில் சாக்பீஸால் எழுதியிருந்தது. கிரான்பெரி கோஸ. கீழே சின்னதாக, காய்ச்சியவர் ஜெபராணி. அதற்கு முன்னால் எந்த பீருக்கும் பேர் போட்டதில்லை. எழுதினது ஓனரின் கையெழுத்து. நான் போர்டுக்கு எதிரில் நின்று ரெண்டு மூன்று தடவை வாசித்தேன். பெருமையாக இருந்தது. இப்போது எழுதும்போதும் பெருமையாகத்தான் இருக்கிறது, அதை மறைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

7. அண்ணன் உள்ளே வந்தார்

அண்ணன் மகள் பெனிட்டா அப்போது பெங்களூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸ் லீவுக்கு அவளைக் கூட்டிப்போக அண்ணன் வந்தார். வண்டி சாயங்காலம்தான். பெட்டியோடு எங்கே போவது? அவள் நேராக என் கடைக்குக் கூட்டி வந்துவிட்டாள். காலையில் கடை திறக்கும் முன்பு, பின்வாசலில் அண்ணன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே காலை வைக்கவில்லை.

"உள்ள வந்தா ஒட்டிக்காது அண்ணே" என்றேன்.

என் ரப்பர் பூட்ஸையும், நனைந்த ஏப்ரனையும் மேலும் கீழும் பார்த்தார். மெதுவாக வந்தார். டேங்குகளை அண்ணாந்து பார்த்தார். கெட்டிலில் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு டம்ளரில் வோர்ட் பிடித்து ஆற்றிக் கொடுத்தேன். வோர்ட் என்றால் ஈஸ்ட் போடுவதற்கு முந்தின நிலை.

"இது இன்னும் புளிக்கல. நீங்க சொன்ன பார்லி வெள்ளம்தான்."

மோந்து பார்த்துவிட்டுக் குடித்தார். "சத்துமாவு போல இருக்கு" என்றார். டம்ளரைக் காலி பண்ணினார். நான் ஒரு கையில் ஃப்ரீசரில் மிச்சமிருந்த கிரான்பெரியும் ஒரு சிட்டிகை உப்பும் வைத்து நீட்டினேன். கடித்ததும் முகம் சுருங்கியது, உடனே விரிந்தது.

"இது லூபிக்கால்லா."

அவ்வளவு போதும் சுகுமாரன் அண்ணனுக்கு. ஊர்க்காரர் கிடைத்துவிட்டார், சர்க்கரையிலிருந்து ஆரம்பித்துக் கதை முழுவதையும் சொன்னார். "முதலாளி சிரப்பு கெலக்கச் சொன்னாரு. கெலக்க மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாக்கும் உங்க தங்கச்சி. வேலை போயிருக்கும், அறியுமா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "அப்பிடியே சொன்னியா?"

"சொன்னேன்."

பெனிட்டா போர்டைக் காட்டினாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என் பேரை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "வண்டிக்கு நேரமாச்சு" என்றார். வண்டிக்கு இன்னும் பாதி நாள் இருந்தது.

8. ஜனவரியில் ஒரு வீட்டு ஜெபம்

கிறிஸ்துமஸும் புது வருஷமும் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இல்லாத சீசன். ஜனவரியில்தான் ஊருக்குப் போனேன். அண்ணன் வீட்டில் வீட்டு ஜெபம். ஹாலில் சபைக்காரர்கள் நிறைய இருந்தார்கள். போதகர் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"ஜூஸ் கம்பெனி எல்லாம் எப்படிப் போகுதும்மா? இப்ப எந்தப் பழத்துக்கு சீசன்?"

இந்தத் தடவை நானே சொல்லிவிட வேண்டும் என்று வண்டியிலேயே தீர்மானித்து வந்திருந்தேன். என்னிடம் வழி கேட்கிற பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்லுவேன். ஈஸ்ட், டெம்பரேச்சர் எல்லாம் எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவார்கள். ருசியைப் பற்றி ஜனங்கள் வாயால் சொல்வதை மட்டும் கேட்டு முடிவு பண்ணாதீர்கள், கழுவ வருகிற கிளாஸைப் பாருங்கள். அப்புறம், உங்கள் வேலைக்கு என்ன பேரோ அதை முதல் நாளே நீங்களே சொல்லிவிடுங்கள். நான் அதை வருஷக்கணக்காக அண்ணன் வாயில் விட்டு வைத்திருந்தேன்.

தொண்டையைச் சரி பண்ணிக்கொண்டு வாய் திறந்தேன். அதற்குள் அண்ணன் பேசிவிட்டார்.

"ஜூஸ் கம்பெனி ஒண்ணும் இல்ல ஐயா. அவ பீர் காய்ச்சுகா. நான்தான் இத்தன காலமும் மாத்திச் சொன்னேன்."

காப்பி கொண்டு வந்த அண்ணி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். போதகர், "பீரா?" என்றார்.

"ஆமா. நான் குடிக்க மாட்டேன், நீங்களும் குடிக்காண்டாம்" என்றார் அண்ணன். குரல் கமிட்டிக் கூட்டத்தில் பேசுகிற குரல். "ஆனா கள்ளம் கிடையாது. முதலாளி கெலக்கச் சொல்லியும் கெலக்கல. அவளுக்க பேரை எழுதிப் போட்டிருக்கு, நான் வாசிச்சேன். எங்க வேணும்னாலும் சொல்லுவேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குனிந்து பாயைப் பார்த்துக்கொண்டேன்.

ஜெபத்தின் முடிவில் வீட்டில் உள்ள ஒவ்வொருத்தர் வேலைக்காகவும் பேர் சொல்லி வேண்டிக்கொள்வது எங்கள் வழக்கம். அண்ணனின் ரப்பர் வியாபாரத்துக்கு, பெனிட்டாவின் படிப்புக்கு, அண்ணியின் தையலுக்கு. கடைசியில் பெங்களூரில் பீர் காய்ச்சும் சகோதரி ஜெபராணிக்காக என்றார் போதகர். பீர் என்ற இடத்தில் அவருக்குக் கொஞ்சம் இருமல் வந்தது. ஆனாலும் சொல்லிவிட்டார். ஹால் முழுவதும் ஆமென் சொன்னது, அண்ணன் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார்.